ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு

லெஸ்டரில் நான் வேலை செய்யும் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில், ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி என் ஆங்கிலத்தை மேசையில் தட்டிக் காட்டுகிறாள். மதியம் வரிசையில் வரும் பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கரண்டியால் அள்ளி வைப்பது என் வேலை. "வெஜிடபிள் கறியா, மீனா?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். இவள் முள்ளுக்கரண்டியால் மேசை விளிம்பில் நாலு தரம் தட்டுவாள். வெ, ஜி, ட, பிள். நாலும் ஒரே சத்தம், ஒரே இடைவெளி. பிறகு தன் பங்குக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டுவாள். முதல் அசையில் ஏறி மிதித்துவிட்டு, மிச்சத்தை வாய்க்குள்ளேயே கரைத்துவிடுவாள். கேலி என்று சொல்ல முடியாது, அவளுக்கு அது ஒரு விளையாட்டு. முதல் நாள் அவள் தட்டியபோது கறிக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் தட்டு எனக்குத் தெரிந்த தட்டு. சாய்ந்தமருதில் பத்தொன்பது வருஷம் அதே தாளத்தில் தட்டியவள் நான்தான்.

ஊரில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏறினால் இரண்டு பேராவது எழும்பி இடம் தருவார்கள். "டீச்சர், நான் ஒங்களுக்கிட்டப் படிச்ச" என்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் ஊரில், பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கில ஆசிரியை. நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு மின்விசிறி, அதுவும் என் தலைக்கு மேலே. கையில் மர அடிமட்டம். கரும்பலகையில் சொல்லை எழுதி, ஒவ்வோர் அசைக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள். கொம், ஃபோர், ட, பிள். வெட், நெஸ், டே. ஒரு அசையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் வகுப்பின் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்று அதிபர் சொல்வார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படிச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பரீட்சை முழுக்கக் கடதாசியில் நடந்தது. ஒரு பிள்ளை வாய் திறந்து ஒரு வசனம் சொல்லி அதற்குப் புள்ளி வாங்கியதை நான் கண்டதேயில்லை. எழுத்துப் பிழைக்குத்தான் புள்ளி வெட்டினார்கள். ஆங்கிலப் புதன்கிழமைக்கு நடுவில் இருக்கும் ஊமை எழுத்தையும் வாயால் சொல்லிப் பழகினால் எழுதும்போது அது விடுபடாது. அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவள் நானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாடங்களை முழுக்க மனனம் செய்ய வைத்தேன். சின்ன வயதிலிருந்தே ஓதல் பள்ளியில் குர்ஆனைப் பக்கம் பக்கமாக மனனம் செய்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு பக்க ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆங்கிலத்தை ஆங்கிலக்காரர் யாரும் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு வந்ததே இல்லை. வானொலியில் ஆங்கிலச் செய்தி வாசித்தவர்கள்கூட எங்களைப்போல் ஆட்கள்தான்.

பிள்ளைகளின் படிப்பு என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து ஒன்பது வருஷமாகிறது. வந்த புதிதில் நூல்நிலையத்தில் புதிதாக வந்தவர்களுக்கென்று ஓர் ஆங்கில வகுப்பு நடந்தது. நான் ஆங்கில ஆசிரியை என்று சொல்லியும் என்னை அதில்தான் இருத்தினார்கள். ரோஷமாகத்தான் இருந்தது. அங்கே ஓர் இளம் ஆசிரியை ஆளுக்கொரு இறப்பர் பட்டி தந்தாள். சொல்லில் எந்த அசைக்கு அழுத்தமோ அந்த அசை வரும்போது பட்டியை இழுக்க வேண்டும், மற்றவற்றுக்கு விட்டுவிட வேண்டும். நான் எல்லா அசைக்கும் இழுத்து, மூன்றாம் நிமிஷம் பட்டி அறுந்து என் கன்னத்தில் அடித்தது. அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. இவர்கள் ஒரு சொல்லில் ஓர் அசையைத்தான் சொல்கிறார்கள், ஒரு வசனத்தில் ஒன்றிரண்டு சொல்லைத்தான் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் வந்தும் வராமலும் போகிறது. கேட்பவரின் காது அந்த ஒன்றிரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தானாகக் கட்டிக்கொள்கிறது. நானோ கந்தூரிச் சாப்பாட்டில் ஒரே சகனை, அந்தப் பெரிய தட்டைச் சுற்றி எல்லோரையும் இருத்துவதுபோல எல்லாச் சொல்லையும் சமமாக இருத்தி வைத்தவள். எதைப் பிடிப்பதென்று தெரியாமல் இவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதன் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்து வருஷங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு இதை ஊட்டியிருக்கிறேன்? ஊரோடு இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள். ஆனால் யாராவது ஒருத்தி கடல் கடக்க வேண்டி வந்தால் என்ன செய்வாள் என்று நினைத்தேன். அந்த ஒருத்தி போன வருஷம் வாட்ஸ்அப்பில் வந்தாள். பெயர் பர்ஹானா. என்னிடம் ஆறு வருஷம் படித்தவள். ஓதல் போட்டிகளில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை. குரல் அப்படி. அவளுடைய கணவர் பேர்மிங்காமில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். அவள் அவரிடம் வந்து சேர்வதற்கு விசா வேண்டும், விசாவுக்குக் கொழும்பில் ஒரு பேச்சுப் பரீட்சை எழுத வேண்டும். எழுத வேண்டும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஆங்கிலேயர் ஒருவருக்கு முன்னால் இருந்து பத்து நிமிஷம் கதைக்க வேண்டும். பர்ஹானா இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தவறிவிட்டாள். அவளுக்கு மூன்று வயதில் ஹனா என்று ஒரு மகள். வாப்பா என்பது போனுக்குள் இருக்கும் ஓர் ஆள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், ரெண்டாம் தரமும் பெயில்," என்றாள். "நான் சொல்லுறது வெளங்கல்ல என்டு எழுதியிரிக்காங்க. நான் ஒன்டையும் மாத்தல்ல டீச்சர். நீங்க படிச்சித் தந்த மாதிரியேதான் கதைச்சன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. நம்பிக்கையோடு சொன்னாள். படிச்சித் தந்த டீச்சரே இங்கிலாந்தில் இருக்கிறா, இனி என்ன பயம் என்ற தொனி. நான் பழக்கிய பிழையை நானே திருத்தித் தருகிறேன் என்று எனக்குள் நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு சனியும் ஞாயிறும், எனக்குக் காலை ஒன்பது மணி, அவளுக்கு மதியம் லுஹர் தொழுது சாப்பிட்டு முடித்த நேரம், வீடியோவில் பாடம் என்று முடிவு செய்தோம்.

அவள் பாடத்துக்கு இருந்த இடம் புது வீட்டு மண்டபம். அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து ஏறுவார். மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாமார் மண்ணும் கல்லும் சேர்க்கத் தொடங்குவார்கள். பர்ஹானாவின் வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் வயல். ஒரு பெரும்போகத்தில் அத்திவாரம், ஒரு சிறுபோகத்தில் சுவர், வெள்ளம் வந்து அழிந்த போகத்தில் ஒன்றுமில்லை, அடுத்ததில் கூரை. இப்படிப் பதினாலு வருஷம் கட்டிய வீடு அது. அவரும் மனைவியும் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரிய வீடு மகளுக்கு. நிலத்துக்கு வெள்ளை மாபிள், யன்னலுக்குத் தேக்கு. சுவருக்கு மட்டும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. மாப்பிள்ளை திரும்பி வந்து நிறம் சொல்லட்டும் என்று விட்டிருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. பர்ஹானாவை அங்கே கூப்பிட்டார்.

முதல் பாடத்தில் நான் மேசையில் தட்டிக் காட்டினேன். ஒரு தட்டு மட்டும் பெலமாக, மற்றது மெதுவாக. அவள் பார்த்தாள், தலையாட்டினாள், தானும் மேசையில் தட்டிக்கொண்டு சொன்னாள். நாலு தட்டும் சமம். "ஒன்ட மட்டும் அழுத்து புள்ள" என்றேன். அழுத்தினாள். அடுத்த மூன்றும் அவளை அறியாமல் அதே உயரத்துக்கு ஏறி வந்துவிட்டன. நாலு கிழமை இப்படிப் போனது. நான் பழக்கிய பழக்கம் அவ்வளவு உறுதியாக இருந்தது. நான் செய்த வேலைகளிலேயே உருப்படியாக நின்றது அதுதான் போலிருக்கிறது. இன்னொரு சங்கடமும் இருந்தது. அழுத்தம் எங்கே என்று எனக்குக் காதால் பிடிக்க முடிகிறது, வாயால் செய்ய முடியவில்லை. செய்து காட்டினால் ஏசுவதுபோல இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் நாங்கள் ஒரு சொல்லைக் குரலால் இடிப்பது கோபம் வந்தால்தான். "மை ஹஸ்பண்ட் வேர்க்ஸ் இன் எ பேக்கரி" என்று நான் பேக்கரியை அழுத்திச் சொன்னதும் அவளுடைய முகம் சுருங்கியது. "பேக்கரி வேல கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஐந்தாவது கிழமை எனக்கொரு யோசனை வந்தது. ஓதும்போது மத்து என்று ஒன்று உண்டு. சில எழுத்துகளை இரண்டு மாத்திரையோ நாலு மாத்திரையோ நீட்ட வேண்டும், மற்றதை நீட்டக் கூடாது. பர்ஹானாவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. "அழுத்த வேணாம் புள்ள, மத்து மாதிரி நீட்டு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அழகு! அழுத்த அசை நீண்டது, மற்றவை ஒடுங்கி நின்றன. ஆனால் நீட்டினதோடு ராகமும் வந்துவிட்டது. பேக்கரியின் முதல் அசை நாலு மாத்திரைக்கு நீண்டு, மேலே ஏறி, அசைந்து இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய வாப்பா வெயிலில் இருந்து மண்டபத்துக்குள் வந்தார். தோளில் துவாய். சற்று நின்று கேட்டார்.

"பேக்கரியையா புள்ள ஓதுற?" என்றார். "இது சரியில்ல. டீச்சர், நீங்களும் கேட்டுக்கு இரிக்கீங்களே?"

நான் ஸலாம் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது நியாயம். ஒரு பேக்கரிக்காக அந்தப் பிள்ளையின் ஓதலைப் போய்த் தொட்டிருக்கக் கூடாது. அவர் போனபிறகு பர்ஹானா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். வெளியே பேக்கரிப் பாண் விற்பவரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அந்தப் பாட்டு முடியும்வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு லிண்டாவிடம் போனேன். லிண்டா எங்கள் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. அறுபது வயது, பிறந்ததிலிருந்து இதே ஊர், வருஷம் முழுக்கத் தடிமனும் மூக்கொழுகலும். பர்ஹானாவுக்கு நான் எழுதிக்கொடுத்த இருபது வசனங்களையும் ஒரு தாளில் நீட்டி, என் போனில் வாசித்துத் தரும்படி கேட்டேன். அவள் முதலில் இருந்த பேக்கரி வசனத்தைப் பார்த்துவிட்டு, "யார் கேட்டார்கள் இதை?" என்றாள். யாரும் கேட்கவில்லை, சும்மா வாசி என்றேன். "அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார்களா, பேக்கரியில் யார் வேலை செய்கிறார் என்று கேட்டார்களா? அது தெரியாமல் எப்படிச் சொல்வது?" என்றாள். நான் விளங்காமல், "வசனம் மட்டும் போதும் லிண்டா" என்றேன். அவள் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தாள். "வசனத்தை மட்டும் யார் அன்பே சொல்வார்கள்?" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மூக்குறிஞ்சலோடு வாசித்துத் தந்தாள். அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் வசனத்தை மட்டும்தான் படிப்பித்திருக்கிறேன். யாரும் யாருக்கும் எதையும் சொல்லாத வசனங்கள்.

அடுத்த சனிக்கிழமை பர்ஹானா இருபது வசனங்களையும் ஒப்புவித்தாள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இங்கிலீஷ்காரியே தோற்றுப்போவாள். லெஸ்டரின் அந்த இழுவை, சொல் விழுங்கும் இடம், குரல் ஏறி இறங்கும் இடம், எல்லாம் அச்சு அசல். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள்.

"தடிமனா புள்ள?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அந்த மனிசி அப்பிடித்தானே சொன்னா? அதும் சேர்த்துத்தான் பாடமாக்கினன்."

சிரித்தேன், அவளும் சிரித்தாள், ஹனாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்தபிறகு எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது பரீட்சைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. இருபத்தோராவது வசனத்தைக் கேட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? என் கணவரிடம் சொன்னபோது, "வேற ஆர்ட்டயாவது படிக்கச் சொல்லு" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் கல்முனையில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் என்னிடம் படித்தவர்கள். யாரிடம் போனாலும் என்னிடம்தான் திரும்பி வருவாள்.

லிண்டாவின் கேள்வி அந்தக் கிழமைதான் மெல்லமெல்ல எனக்குள் இறங்கியது. தமிழில் நாங்கள் சொல்ல வந்ததைக் குரலால் அழுத்துவது குறைவு. ஒரு 'தான்' போடுவோம், அல்லது ஓர் ஏகாரம். அதனால் பர்ஹானாவிடம் தாளை மூடி வைக்கச் சொன்னேன். "நான் ஒரு கேள்வி கேப்பன். மொதல்ல தமிழ்ல பதில் சொல்லு. எதில 'தான்' வருதோ, இங்கிலீஷ்ல சொல்லக்குள்ள அந்தச் சொல்ல மட்டும் புடிச்சிக்க. மத்ததப் பத்திக் கவலப்படாத." அவள் பயந்துதான் போனாள். தாள் இல்லாமல் ஆங்கிலம் பேசியதே இல்லை. சின்னக் கேள்விகளாகக் கேட்டேன். என்ன சமைத்தாய், யார் சந்தைக்குப் போனார், ஹனா எங்கே. தட்டுத் தடுமாறிச் சொன்னாள். இலக்கணம் எல்லாம் உடைந்தது. ஆனால் எங்கோ ஒன்றிரண்டு சொல் தலை நிமிர்த்தியது. இரண்டாவது கிழமை, பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள் என்று, "வை டு யூ வாண்ட் டு கோ?" என்று கேட்டேன். ஏன் போக விரும்புகிறாய்? தாளில் அதற்குப் பதில் இருந்தது. கணவர் அங்கே இருப்பதால் என்று ஒரு வசனம்.

பர்ஹானா தமிழுக்குப் போகவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"ஐ டோன்ட் வாண்ட் டு கோ, டீச்சர். ஹனா வாண்ட்ஸ் ஹேர் ஃபாதர். ஐ வாண்ட் மை ஹவுஸ்."

முதல் வசனத்தில் 'டோன்ட்' என்ற சொல் மட்டும் இடித்தது. இரண்டாவதில் ஹனா, மூன்றாவதில் 'ஐ', நான் என்ற சொல். மற்றவை எல்லாம் தாழ்ந்து, ஒடுங்கி, இருக்கிற இடம் தெரியாமல் ஓடிப் போயின. ஒரு பிழை இல்லை. ஒன்பது வருஷமாக இங்கே இருந்தும் என் வாயில் வராத அழுத்தம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெரி குட்" என்றேன்.

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வகுப்பில் சரியாகச் சொன்ன பிள்ளை டீச்சரைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இப்ப சரியா டீச்சர்?" என்று கேட்டாள். நான் அவளிடம் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். போக விருப்பமில்லை என்றால் கணவரிடம் சொன்னாயா, வாப்பாவுக்குத் தெரியுமா, நான் உதவி செய்கிறேன் என்ற பேரில் உன்னைத் தள்ளிக்கொண்டிருக்கிறேனா என்று. ஒன்றும் கேட்கவில்லை. போகாதே என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை. போ என்று சொன்னால் இவளுக்கு வீடு இல்லை. இரண்டும் என் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தன. "ஓம், சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

பரீட்சையன்று எனக்கு வேலை. கறி அள்ளும்போதெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிண்டா, "உன் பிள்ளைக்கு இன்றைக்கா?" என்று கேட்டாள். என் பிள்ளை இல்லை என்று சொல்ல வந்து, ஓம் என்று தலையாட்டினேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது குரல் செய்தி வந்தது.

"டீச்சர், பாஸ்! அல்ஹம்துலில்லாஹ், பாஸாகிட்டன். நீங்க எழுதித் தந்தது ஒன்டுமே கேக்கல்ல டீச்சர். ஒங்கட வீட்டப் பத்திச் சொல்லுங்க என்டா அந்த மனிசி. நான் சொன்னன். வாப்பா பதினாலு வருசம் கட்டின, யன்னல் தேக்கு, இன்னும் பெயின்ட் அடிக்கல்ல, பின்னால மாமரம், எல்லாம் சொன்னன். அவ கேட்டுக்கே இருந்தா. நேரம் முடிஞ்சிம் நிப்பாட்டல்ல. மறுகா, சோ லவ்லி என்டா."

அந்தச் செய்தியை மூன்று தரம் கேட்டேன். பின்னால் ஹனா எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். வாழ்த்துச் சொல்லிப் பதில் அனுப்பினேன். விட்டுப் போவதற்கான அனுமதியை அந்த வீடே வாங்கிக் கொடுத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. தெரிந்தாலும் அதை யாரிடம் சொல்வாள்? நான் சந்தோஷப்பட முயன்றேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்ப வழி கேட்டதுகூட என் காதில் விழவில்லை.

விசா வந்து, பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவளுடைய வாப்பா என்னைத் தனியே அழைத்தார். அவர் போனில் அதிகம் கதைப்பவரில்லை. ஊரில் மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "சொல்லுங்க காக்கா" என்றேன். வயலில் நின்று கதைத்தார். பின்னால் அறுவடை மெஷினின் இரைச்சல்.

"டீச்சர், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவா, அப்பிடியே விடவா என்டு ஒங்களுக்கிட்டக் கேப்பம் என்டு எடுத்த. ஒங்களுக்குத்தானே தெரியும், போனாக்கள் எப்பிடி வருவாங்க என்டு."

இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வரலாம் காக்கா, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பொறுத்தது என்று இழுத்தேன்.

"வார நேரம் நீங்க ஒங்கட வீட்டுலதானே நிக்கிற?" என்று கேட்டார்.

என் வீடும் சீதன வீடுதான். என் வாப்பா கட்டியது. போன தரம் போனபோது அதில்தான் நின்றேன். நாங்கள் இங்கே வந்தபிறகு என் தங்கையின் குடும்பம் அதில் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீடு பாழாய்ப் போகும் என்று நான்தான் இருக்கச் சொன்னேன். எனக்கென்று ஓர் அறையை வாப்பா பூட்டி வைத்திருந்தார். அவர் மௌத்தாகி அடக்கப்பட்டு இரண்டாம் வருஷம் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்து ஏற அறை வேண்டும். என்னிடம் கேட்டுத்தான் திறந்தார்கள், நானும் மனதார ஓம் என்றேன். அதில் யாருடைய பிழையும் இல்லை. போன தரம் மண்டபத்தில் கட்டில் போட்டுத் தந்தார்கள். விருந்தாளிக்கு வைக்கும் நல்ல கோப்பையில் தேநீர் தந்தார்கள். குளித்துவிட்டு வந்து, என் அலுமாரியைத் திறக்கலாமா என்று தங்கையின் மகளிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அதைவிட, மூன்றாம் நாள் தங்கை, "நீங்க எப்ப வீட்ட போற ராத்தா?" என்று கேட்டாள். லெஸ்டரைத்தான் கேட்டாள். நானும் யோசிக்காமல் நாள் சொன்னேன்.

இவ்வளவும் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "ஓம் காக்கா, எங்கட வீட்டுலதான்" என்றேன்.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. குரலிலேயே தெரிந்தது. "அப்ப நான் பெயின்ட அடிச்சி வெக்கிறன். தெக்குப் பக்கத்து அறைய அவக்கென்டு பூட்டுறன் டீச்சர். தெறப்ப ஆருக்கும் குடுக்க மாட்டன். நான் மௌத்தானாலும் அந்த அறை அவட அறைதான்."

நல்லது காக்கா என்றேன். என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டார். வெள்ளை அடியுங்கள், வெளிச்சமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் மெஷின்காரரிடம் ஏதோ சத்தமாகச் சொல்லிவிட்டு, எனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்வதாகச் சொல்லிப் போனை வைத்தார்.